நாகசாகியில் வாங்கிய சிவப்பு பூட்ஸ்

மார்ச் 9, 1965. செவ்வாய். அலோன், ரங்கூன்.

ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் யோசிக்கிறேன்.

எங்கள் கப்பல் பட்டறை ஸ்டோரிலிருந்து ஜப்பானுக்கு மூன்று பேரை அனுப்புகிறார்கள். நான், இப்ராஹிம் பாய், எங்களுக்குத் தலைவராக பர்மாக்காரர் ஊ தௌங். நாகசாகி என்ற துறைமுக ஊரில் ஸ்டோர் நடத்தும் முறையைக் கற்றுக்கொண்டு ஆறு வாரத்தில் திரும்பிவிட வேண்டும். ஊ தௌங்குக்கு ஜாமீன் போட அவருடைய மாமனார் உடனே வந்துவிட்டார். எங்களுக்கு யார் வருவார்கள்? கலாக்களை, அதாவது நம் இந்தியர்களை, வெளியே விட்டால் அப்படியே இந்தியாவுக்கு ஓடிவிடுவார்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. கடைசியில் அதிகாரியே ஒரு வழி சொன்னார். பாய்க்கு நான் ஜாமீன், எனக்குப் பாய் ஜாமீன். ஒருவர் திரும்பாவிட்டால் மற்றவருக்கு வேலை போகும், விசாரணையும் உண்டு.

என் வீட்டுக்காரர் ஆபிரகாம் கணக்கு எழுதிய கடையைப் போன வருடம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. "பாய் நல்ல மனுஷன்தானே, செசிலியா" என்கிறார் இவர். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் ஓடமாட்டான் என்று யார் சொன்னது?

மார்ச் 21. ஞாயிறு.

நாளை மிங்கலாடோனில் விமானம் ஏற வேண்டும். பிலோமினா என் லோஞ்சியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஜப்பான்காரன் ஒன்னப் புடிச்சு வச்சுக்குவானா?" என்கிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொன்னது? நான்தான், வேறு யார். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் என் அப்பாவை ரயில்பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். வரவே இல்லை. அந்த நாட்டுக்கு நான் இப்போது ஸ்டோர் கார்டு எழுதும் முறை கற்றுக்கொள்ளப் போகிறேன். மாதாவே, என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடு.

மார்ச் 28. ஞாயிறு. நாகசாகி.

லீவு நாள். ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். வளைந்து உள்ளே வரும் கடல், மூன்று பக்கமும் மலை, மலையெல்லாம் வீடு. கீழே டிராம் ஓடுகிறது. ஓவுரா என்ற பழைய மாதா கோவிலுக்குக் கல்படி ஏறி முழங்கால் போட்டேன். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆம்பிளை யாரைப் பார்த்தாலும், நீ எங்கே இருந்தாய் அப்போது என்றுதான் மனசு கேட்கிறது. அவர்கள் என்னடாவென்றால் குனிந்து குனிந்து வணக்கம் சொல்கிறார்கள்.

பச்சை மீனைத் துண்டு போட்டு அப்படியே வைத்தார்கள். நான் தொடவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டு, "நம்ம ஊரு அழுகின மீன் ஙாப்பியத் தின்னவங்களுக்கு இது என்னா பெரிசு!" என்றார்.

ஏப்ரல் 4. ஞாயிறு.

கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். கீழே பார்க்கவே இல்லை, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே போன பிறகு சும்மா சொல்லக்கூடாது, விரிகுடா முழுக்கக் காலடியில் கிடந்தது.

இறங்கி வந்து சீனர் தெருவில் சாம்பொன் சாப்பிட்டோம். பெரிய கோப்பையில் நூடுல்ஸ், கோஸ், கணவாய், எல்லாம் கொதிக்கக் கொதிக்க. பாய் எந்தக் கடைக்குப் போனாலும் மூக்கை விரலால் மேலே தள்ளி "உர்ர், உர்ர்" என்று பன்றி மாதிரி சத்தம் போட்டுக் காட்டி, அது கலந்திருக்கிறதா என்று கேட்பார். கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினாள். பாவம், அவருக்கு மட்டும் வேறு சட்டியில் மீனும் முட்டையும் வதக்கிக் கொடுத்தாள்.

அதெல்லாம் சரி. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனோம். ரங்கூனில் கடையெல்லாம் காலியாகக் கிடக்கிறது, இங்கிருந்து போகிறவன் சொந்தக்காரன் அக்கம்பக்கத்தான் எல்லோருக்கும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவான். ஊ தௌங் ரேடியோ வாங்கிவிட்டார். நான் நைலான் குடையும் துணியும் வாங்கினேன். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு குண்டூசி வாங்கவில்லை. அவருக்குப் பெண்டாட்டி லத்தீபா இருக்கிறாள், மகள் ஜுலைகா இருக்கிறாள், பிலோமினாவைவிட ஐந்து மாதம் மூத்தவள். ஊருக்குத் திரும்புகிறவன் வெறும் கையோடு போவானா?

ஏப்ரல் 11. ஞாயிறு.

இன்றும் எதுவும் வாங்கவில்லை.

துறைமுகத்தில் கணவாய் சுட்டு விற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் பாயைக் காணோம். தேடிப் போனேன். ஒரு கப்பல்காரனோடு நம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். "மெட்ராசுக்கு எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும், "நாகப்பட்டணத்துக்காரராம், அக்கா" என்று சிரித்தார்.

போச்சு. எல்லாம் போச்சு. இந்த ஆள் கம்பி நீட்டப் போறாரு, நான் போய் அங்க மாட்டிக்கப் போறேன். எம் பொண்ணு என்னா செய்வா?

ஏப்ரல் 13. செவ்வாய்.

ஊ தௌங்கிடம் சொல்லிவிடுவது என்று கதவைத் தட்டினேன். சொன்னால் பாயின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார், நான் தப்பிப்பேன். கதவைத் திறந்து, "என்ன, மா செசிலியா?" என்றார். தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. கொடுத்தார்.

ஏப்ரல் 16. பெரிய வெள்ளி.

சோறு இறங்கவில்லை. நோன்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 18. ஈஸ்டர் ஞாயிறு.

குண்டு விழுந்த இடத்தில் திரும்பக் கட்டிய கோவிலில் பூசை பார்த்தேன். வெளியே கருகிப்போன சுரூபங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற கிழவி என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். புரியவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

திரும்பும்போது பாய் ஒரு செருப்புக் கடையில் நுழைந்தார். சிவப்பு ரப்பர் பூட்ஸ், மழைக்குப் பிள்ளைகள் போடுவது. "ஒங்க பொண்ணு கால் அளவு என்னாக்கா? ஜுலைகாவுக்கும் அதேதான் இருக்கும்" என்றார். சாணளவு காட்டினேன். வாங்கிவிட்டார்!

பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்குகிறவன் ஓடமாட்டான். அப்பாடா. இன்று கஸ்தெரா கேக் நாலு துண்டு தின்றேன். தேனும் முட்டையுமாக என்ன ருசி!

மே 2. ஞாயிறு. அலோன்.

வந்துவிட்டோம். மிங்கலாடோனில் படி இறங்கும்போதுகூட இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். பாய் பின்னாலேயே வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அவர் பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு ஜோடி பூட்ஸ்.

ஜூன் 22. செவ்வாய்.

பாய்க்குக் காய்ச்சல். கஞ்சி எடுத்துக்கொண்டு லான்மடாவில் அவர் வீட்டுக்குப் போனேன். இதுவரை போனதில்லை. ஒற்றை அறை. லத்தீபாவைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அலமாரியில் பூட்ஸ், விலைச் சீட்டோடு.

"புள்ள போடலையா, பாய்?"

"அது இங்க இல்லக்கா. லத்தீபா இந்தியாவுல பொறந்தவ. தங்குற பர்மிட்ட புதுப்பிக்க மாட்டேன்னுட்டாங்க. நாம சாம்பொன் தின்னமே, அந்த வாரத்துலதான் ரெண்டு பேரும் மெட்ராசுக்குக் கப்பலேறினாங்க."

"தெரிஞ்சும் ஏன் ஜப்பானுக்கு வந்தீங்க?"

"மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. அங்கேருந்து அப்படியே மெட்ராஸ் போயிரலாம்னும் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம் ஏன் போகல?"

"ஜாமீன்ல ஒங்க பேரு இருந்துச்சே."

அவர் சிரித்தார். "நீங்க திங்காம கெடந்தீங்க. என்னப் பாக்குறப்பல்லாம் போலீசப் பாக்குற மாதிரி பாத்தீங்க. எதையாச்சும் வாங்கினாத்தான் நீங்க சோறு திம்பீங்கன்னு பட்டுச்சு. அதான் பூட்ஸு."

இப்போது போக மனுப் போட்டிருக்கிறாராம். பயிற்சிக்குப் போய் வந்தவனை அஞ்சு வருஷம் விடமாட்டோம் என்றுவிட்டார்கள்.

ஜூன் 27. ஞாயிறு.

அடுத்த வீட்டுக் கமலாட்சி அடுத்த கப்பலில் மெட்ராஸ் வழியாக நாகப்பட்டினத்துக்குப் போகிறாள். பாயிடம் பூட்ஸை வாங்கிவந்து, மெட்ராசில் ஜுலைகாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாயா என்று கேட்டேன். "புதுசுன்னா கப்பலடியில புடுங்கிக்கிறாங்கக்கா. பழசா இருந்தாக் கொண்டு போறேன்" என்றாள்.

பிலோமினாவுக்குப் போட்டுவிட்டேன். தெருவில் முழங்கால் தண்ணீர், விடாத மழை. தண்ணீரில் கால் வைத்தால் முதுகில் போடுகிறவள் நான். இன்று வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் நல்லா மிதிடி! சேத்துல மிதி!" என்று கத்துகிறேன். ஆபிரகாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூலை 8. வியாழன்.

கப்பல் போய்விட்டது. சுங்கக்காரர்கள் பூட்ஸை எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்பை என்று பெட்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டார்களாம். வழியனுப்பப் போனவர்கள் சொன்னார்கள்.

பாயிடம் சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பு. "அளவு சரியா இருக்குமாக்கா?"

"கச்சிதமா இருக்கும், பாய்" என்றேன்.

கமலாட்சியிடம் கொடுக்க நேற்றுக் கழற்றும்போது பிலோமினாவுக்கே விரல் முட்டியது.