தடித்த பவர் கார்டும் அம்மாவின் தீர்ப்பும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் கொடுக்க நீ அனுப்பிய கம்பி, அந்தப் பவர் கார்டு வந்து சேர்ந்தது, என் பெருவிரலைவிடத் தடிமன். போன முறை வந்தபோது இந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடும்மா என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து அம்மா உன் போனை எடுப்பதில்லை அல்லவா, பார்சலையும் பிரிக்க விடவில்லை. தையல் மெஷின் பக்கத்தில் அத்தனை வருடம் பாடிய பெட்டி, கோபம் வராதா. பழைய கார்டின் உறை வெடித்துச் செம்பு வெளியே தெரிந்ததும்தான் வேறு வழியின்றிப் பிரித்தோம். உன் கார்டை மாட்டிப் பாட்டுப் போட்டதும் அம்மா தையலை நிறுத்திவிட்டு, என்னங்க, குரல் நல்லா தெளிஞ்சிருக்கே, தாளமும் கும்முனு விழுதே என்றாள்.

எனக்கு விசாரிக்காமல் நம்பிப் பழக்கமில்லை. ரிப்பேர் கடைக்காரரைக் கேட்டேன். கம்பி ரொம்ப மெல்லிசா இருந்தா சூடாகும் சார், தேவையான தடிமன் இருந்துட்டா போதும், அதுக்கு மேல யானைத் தும்பிக்கையையே மாட்டினாலும் பாட்டு மாறாது என்று சொல்லி, சாதாரண கார்டு ஒன்றை இரவல் தந்தார். அம்மாவைச் சுவர் பார்க்க உட்காரவைத்து, சுவிட்சை அணைத்து அணைத்து மாற்றி மாட்டினேன். எந்தக் கார்டு என்று ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள்! கடைக்காரர் தோற்றார் என்றே முடிவு கட்டிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த உன் அத்தைதான் வாயைப் பொத்திச் சிரித்தாள். அண்ணே, அந்தத் தடியன் விறைப்பா இருக்கான், அவனை மாட்டும்போது மட்டும் நீங்க ஸ்ஸ் அப்பாடானு முனகுறீங்க, அண்ணி அதை வச்சுத்தான் சொல்றாங்க என்றாள். பிறகு அவளே சத்தமில்லாமல் மாட்டினாள். அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தடித்ததை மெல்லிசு என்றாள், மெல்லிசைத் தடித்தது என்றாள்.

சரி, இதைக் கழற்றி வைத்துவிடலாம் என்று குனிந்தேன். அம்மா விடவில்லை. தூக்கிப் போடச் சொன்னவளே அதுக்குக் கார்டு வாங்கி அனுப்பியிருக்கா, அது அங்கேயே இருக்கட்டும் என்றாள். கொஞ்சம் பொறுத்து, அங்க இப்போ மணி என்ன இருக்கும் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளே உன்னை அழைக்கப் போகிறாள். சத்தம் பிரமாதமா மாறிடுச்சுனு நான் சொல்லுவேன், நடுவுல புகுந்து உங்க விசாரணையை வாசிச்சீங்க, அவ்வளவுதான் என்று எனக்கு எச்சரிக்கை.

அதனால் முன்கூட்டியே எழுதிவிட்டேன். அவள் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள், குறுக்குக் கேள்வி வேண்டாம். ஞாயிறு காலை போனைக் கையருகில் வைத்திரு. நீ எல்லா நலனோடும் நிறைவோடும் இருக்க வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அப்பா