நீக்கிய வரியும் நீங்காத குறிப்பும்

மைசூரு
புதன்கிழமை, முற்பகல்

அன்பு மகன் மகிழ்நனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நடுக்கடலில் காற்றாலைப் பணியில் இருக்கும் உன்னைக் குளிர் வருத்தாதிருக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் உடலால் நலம், அவர் முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறுகிறார், உள்ளத்தால் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே உன் கைப்பேசி எட்டாது, மாலையில் ஒருமுறைதான் மின்னஞ்சல் திறப்பாய் என்பதால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். என் சொற்பொழிவுகளுக்காக நீ அமைத்துத் தந்த இணையதளத்தையும், அதன் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தையும் இதைப் படித்தவுடன் முழுவதுமாக அழித்துவிடு. நானே அழிக்க முயன்றேன், உன் கடவுச்சொல்லைக் கேட்டு அது நின்றுவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மாதம் தமிழ் மன்றத்தில் மகளிர் கூட்டத்தில் பேசினேன் அல்லவா, அதில் ஹனூரிலிருந்து கணவனின் அடி பொறுக்காமல் ஓடிவந்து இங்கே தன் உழைப்பில் வாழும் சுசித்ராவைப் பற்றிச் சொன்னேன். அவள் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். எந்தத் தெருவில் குடியிருக்கிறாள், எந்தத் தையற்கூடத்தில் பணிபுரிகிறாள் என்று பெயர் சொல்லி முழங்கினேன், மன்றமே எழுந்து கைதட்டியது. அந்த எழுச்சி அடங்காமலேயே சென்ற வெள்ளிக்கிழமை அப்பேச்சை ஒரு சொல் குறையாமல் தளத்தில் ஏற்றினேன். இருநூறு பெண்கள் கேட்டதும் உலகம் படிப்பதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தோன்றவில்லை, மகனே. திங்களன்று உன் சித்தி மகள் ரூபா படித்துவிட்டுத்தான் சொன்னாள்: “பெரியம்மா, அவ வீட்டுக்கு வழி காட்டி போர்டு வெச்ச மாதிரி இருக்கு.” அப்போதே அவ்வரியை நீக்கினேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன், வரி இல்லை. நிம்மதியாக உண்டேன்.

நேற்று முற்பகல் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அந்த எண்ணும் தளத்தில்தான் இருக்கிறது. மிகப் பணிவான ஆண் குரல், ஹனூர்ப் பக்கத்துப் பேச்சு. “வணக்கமுங்கம்மா. உங்க பேச்சைப் படிச்சனுங்க, நல்லாருக்குது. தெருப் பேரை எதுக்குங்க எடுத்துப்போட்டீங்க? அந்தப் புள்ள இன்னும் அங்கதான இருக்குது?” உடனே தொலைபேசியை வைத்துவிட்டேன். நீக்கியது இவனுக்கு எப்படித் தெரியும் என்று அறியப் பக்கத்தின் அடியில் நீ வைத்திருக்கும் இணைப்பைத் தொட்டேன். அது களஞ்சியத்துக்குள் கொண்டுபோனது. அங்கே நான் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் நாள், மணியோடு வரிசையாக நிற்கிறது, நீக்கிய வரி சிவப்புப் பட்டையில் எழுத்துக் குலையாமல் இருக்கிறது. அதற்கு மேலே நானே எழுதிய குறிப்பு. என்ன மாற்றினோம் என்று கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது, அதுதான் முறை என்று நீ கற்றுத் தந்தாய், நானும் ஒரு சிறு பிழையைத் திருத்தினாலும் நிறைவான தொடராகவே எழுதி வந்தேன். திங்களன்று எழுதியிருப்பது இது: ‘சுசித்ரா குடியிருக்கும் தெருவும் பணியிடமும் அவர் கணவர் அறியக்கூடாது என்பதால் நீக்கப்பட்டன.’ அவனுக்கு எங்கே தேடவேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உடனே தையற்கூடத்துக்கு ஓடினேன். சுசித்ரா எந்திரத்தை நிறுத்தி, நூலை அறுத்து, சோற்றுப்பெட்டியைப் பைக்குள் வைத்தாள். “எத்தன மணிக்குக் கூப்புட்டான்?” என்று மட்டும் கேட்டாள். ஆட்டோவில் வரும்போது, அவன் கொள்ளேகால் பேருந்து ஏறியிருந்தால் எப்போது வந்திறங்குவான் என்று தனக்குள் கணக்கிட்டுக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: “கூட்டத்துல நீங்க எம்பேரச் சொன்னப்ப தலநிமுந்துதான் உக்காந்திருந்தேனுங்கம்மா. இனி கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.” வேறு கடிந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். காவல் நிலையத்தில் முறையீடு கொடுத்தோம், அங்கிருந்த பெண் அலுவலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் வினவினார். “இன்னூ இதெயா?” என்று அவர் கன்னடத்தில் கேட்டது காதில் இப்போதும் நிற்கிறது. இருக்கிறது என்று தலைகுனிந்து சொன்னேன்.

சுசித்ரா இப்போது வேறிடத்தில் இருக்கிறாள். எங்கே என்று உனக்கும் எழுதமாட்டேன். வாயிற்கதவு அசையும் போதெல்லாம் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். “மைக்க நிறுத்தினா உன் பேச்சு நின்னுடும், இத எங்க நிறுத்துறது?” என்று அப்பா கேட்டார், கேலியாகத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து எழுந்துபோய்க் கதவுக்கு உள்தாழும் இட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இருபது ஆண்டுப் பேச்சுகளும் அதில் இருக்கின்றனவே, அவற்றை மட்டும் காக்க வழி உண்டா என்று நீ ஆராய்ந்துகொண்டிராதே. எல்லாம் போகட்டும். தேடுபொறிகளில் படி தங்கியிருந்தால் அதையும் நீக்க வழி பார்.

வேளைக்கு உண், கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கச்சையை இருமுறை இழுத்துப் பார். நீ நீடு வாழ்க, உன் கைகள் தொட்டதெல்லாம் துலங்குக. அழித்து முடித்தபின் ‘முடிந்தது’ என்று ஒரு சொல் அனுப்பு, அது வரும்வரை இத்திரை முன்னேயே இருப்பேன். ஒன்று மறவாதே, மகனே: அழிக்கும்போது ஏன் என்று ஏதேனும் ஒரு கட்டம் கேட்டால், அதில் ஒன்றும் எழுதாதே.

உன் அம்மா
வடிவு