கையெழுத்து மட்டும் என்னுடையது

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். தங்கச்சியும் குழந்தைகளும் நலம்தானா? உன் முகவரியைக் கேண்டீன் மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கினேன். மூன்று நாள் அலையவிட்டார். "அவரு நிம்மதியா இருக்காரு, விடுங்க சார்" என்றார்.

எனக்கு அசதி ஒன்றுதான். வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தும் அசதி. ஆமாம், என்னை சஸ்பெண்ட் செய்து பதினோரு நாள் ஆகிறது.

நீ போன பிறகு நம் அனல்மின் நிலையம் அமோகமாகத்தான் இருந்தது. வாசலில் மரக்கன்று நட்டார்கள். வரவேற்பறையில் 'நேர்மையே எங்கள் ஆற்றல்' என்று பலகை மாட்டினார்கள். மாதாமாதம் பரிசோதனைத் தண்ணீரைச் நிலக்கரிச் சாம்பலைக் கரைத்து விடும் குளத்துக்குக் கீழே இருக்கும் குடியிருப்புக் கிணற்றில் எடுக்காமல், விருந்தினர் விடுதிக் குழாயில் பிடித்து வரச் சொன்னார் மேனேஜர். நீ மாட்டேன் என்ற அதே வேலை. மூன்று வருடமாக நான் செய்தேன்.

போன மாதம், நம் நிறுவனத்துக்கு நற்சான்று தருவதற்காக வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நம் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. பளபளப்பான அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டுப் பழைய கோப்புகளைக் கேட்டார். உன் பணிநீக்க ஆணையோடு, கிணற்றில் ஆர்செனிக் நஞ்சு இருப்பதாக நீ சொன்னது தவறு, உனக்குக் கருவியைக் கையாளத் தெரியவில்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாளும் இருந்தது. இது உங்கள் கையெழுத்துதானே என்றார். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். "கையெழுத்து மட்டும்தான் மேடம் என்னுது. மேல எழுதியிருக்கறது பொய்" என்று வாய் சொல்லிவிட்டது. வீரமெல்லாம் இல்லையடா. அலுத்துப் போய்விட்டது.

அன்றே அவர் கிணற்றில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நீ சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு வந்தது. நற்சான்று நின்றது. கிணற்றை மூடினார்கள், குடியிருப்புக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. வரிசையில் குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னிடம், "முன்னாடி ஒசரமா ஒருத்தர் வந்து இதைக் குடிக்காதீங்கன்னு சொன்னாரு. நாங்கதான் நம்பல. அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சஸ்பெண்ட் ஆணையோடு போனால் வீட்டில் வசவு விழும் என்று நினைத்தேன். "இன்னிக்காவது ஒழுங்கா சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள் என் மனைவி.

வியாழக்கிழமை என் மீது விசாரணை. உன் பணிநீக்கத்தை ரத்து செய்யக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. நீ வந்தால் நல்லது, வராவிட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். வருவதாக இருந்தால் ரயிலடியில் காத்திருப்பேன். என்னோடு பேச வேண்டாம். உன் பெட்டியை மட்டும் என் கையில் கொடு.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரன்