மெர்லே என்ன சொல்லிக் கத்தினாள்?

டாகெப்யூல் துறைமுகம்,
19 ஏப்ரல் 1998

மதிப்புக்குரிய திருமதி எஸ்ட்னர் அவர்களுக்கு,

வணக்கம். நாம் இதுவரை ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதில்லை. மெர்லேயைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் அப்பா ஹோல்கரிடம் சொல்லிவிடுவேன். இதை அவரிடம் சொன்னால் சிரிப்பார். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எனக்கு இங்கே வடகடல் தீவுகளுக்குப் போகும் கப்பலின் இயந்திர அறையில் வேலை. இரவு பகல் பாராத வேலை என்பதால்தான் விவாகரத்தின்போது என் பெண் அப்பாவோடு, அவருடைய புது மனைவியான உங்கள் வீட்டுக்கு வந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்கு என்னிடம் வந்திருந்தாள். ஒரு காலை துறைமுகப் படிக்கட்டில் ஒரு கடல்நாய் ஏறிப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. மெர்லே துள்ளிக் குதித்து, "அப்படியே படுத்துக்க!" என்று கத்தினாள். கடல்நாயிடம் சொல்லவில்லை. ஆச்சரியத்தில் கத்தினாள். தெற்கே உங்கள் பவேரியாவில் அப்படித்தானே கத்துவீர்கள்?

கயிறு கட்டிக்கொண்டிருந்த ஹின்னெர்க் கேட்டான்: "என்ன ஃப்ராவ்கே, உன் பொண்ணு தெக்கத்திக்காரி ஆயிட்டாளா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

எங்கள் வீட்டில், நம்ப முடியாத எதையாவது பார்த்தால், "குரங்கு எனக்குப் பேன் பாக்குது!" என்போம். என் அப்பா சொல்வார், நான் சொல்வேன். மெர்லே முதல்முதலாகப் பனி விழுந்ததைப் பார்த்தபோது அதைத்தான் சொன்னாள். மழலையில் "கொரங்கு, கொரங்கு" என்று.

என் பெண்ணுக்குச் சோறு போடுகிறீர்கள், தலை வாரிவிடுகிறீர்கள். அதற்கெல்லாம் நன்றி. அவள் வாயையாவது எனக்கு விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஃப்ராவ்கே நிஸ்ஸன்


மீஸ்பாக்,
27 ஏப்ரல் 1998

அன்புள்ள ஃப்ராவ்கே அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் என் வாயில் வந்ததும் அந்த வார்த்தைதான். மன்னியுங்கள், நான் வேண்டுமென்று சொல்வதில்லை. பால் பொங்கினால் வருகிறது, பில் வந்தால் வருகிறது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். முன்னால் மான் குறுக்கே பாய்ந்தால் பிரேக்கை அழுத்துவதற்கு முன்னால் அதுதான் வருகிறது. உங்கள் பெண்ணை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறேன் என்றா நினைத்தீர்கள்?

நீங்களாகச் சொன்னதால் நானும் சொல்கிறேன். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்து வைத்தால், "எங்கம்மா இவ்ளோ பெருசா பண்ண மாட்டாங்க" என்பாள். கடல் என்றால் அம்மா, கப்பல் என்றால் அம்மா, புயல் எச்சரிக்கை என்றால் டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். என்னை பூர்கி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதைப் போல. உங்கள் குரங்கை அவள் இங்கே சொல்லும்போது எனக்கு மட்டும் இனிக்கிறதா என்ன?

இருந்தாலும் தாயான நீங்களே கேட்டுவிட்டீர்கள். அவள் முன்னால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

பூர்கி எஸ்ட்னர்


டாகெப்யூல்,
7 ஜூன் 1998

திருமதி எஸ்ட்னர் அவர்களுக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறீர்கள் என்று தெரிகிறது. நன்றி. தொலைபேசியில் நானும் மெர்லேயிடம் சொல்லிவிட்டேன்: "அது பூர்கி வீட்டு வார்த்தை. நம்ம வார்த்தை வேற. நீ நிஸ்ஸன் குடும்பத்துப் பொண்ணு, ஞாபகம் வச்சுக்க." "சரிம்மா" என்றாள். உடனே சொன்னாள்.

அன்று வேலைக்குப் போகும்போது மனம் லேசாக இருந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஃப்ராவ்கே நிஸ்ஸன்


மீஸ்பாக்,
15 ஜூலை 1998

ஃப்ராவ்கே,

நேற்று மெர்லேக்குப் பத்து வயது ஆனது. போட்டோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். துணிக்கூடையிலிருந்து எட்டிப் பார்க்கிறதே, அதுதான் ஹோல்கர் வாங்கி வந்த நாய்க்குட்டி. இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடையின் மூடியைத் திறந்தாள். குட்டி தலையை நீட்டியது. இவள் வாய் திறந்தது. என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். சுவரிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, "ரொம்ப நன்றி" என்றாள். பல் டாக்டரிடம் சொல்வதைப் போல.

அவளுக்கு நாய் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஹோல்கருக்குத் தோன்றிவிட்டது. மனுஷன் முகம் செத்துப்போனது. மாலையில் நான் அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு நடந்தேன்; குட்டியும் வந்தது.

"குட்டி பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. உயிரு."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"எதைச் சொன்னா யாருக்குக் கோவம் வரும்னு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆச்சரியம் போயிடுச்சு."

ஃப்ராவ்கே, நான் தினமும் ஒரு பஸ் நிறையக் குழந்தைகளின் கூச்சலில் உட்கார்ந்திருப்பவள். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

எல்லாம் உங்களால்தான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நானும் கிட்டத்தட்ட மூன்று மாதமாக நாக்கைக் கடித்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் திரிந்தேன். அவள் முன்னால் பால் பொங்கினால், "பாரு, நான் ஒண்ணும் சொல்லல" என்பேன். அதுவும் ஒரு குத்தல்தானே. கோடை விடுமுறைக்கு உங்களிடம் வருகிறாள். ஏதாவது செய்யுங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பூர்கி


டாகெப்யூல்,
6 செப்டம்பர் 1998

அன்புள்ள பூர்கி,

இனி உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன். நாம் போட்ட சண்டைக்கு அப்புறம் 'நீங்கள்' ஒட்டவில்லை.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மெர்லே வரும்வரை, அவளிடம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் சொன்னேன்: "யார் வார்த்தை வேணும்னாலும் சொல்லு கண்ணு. பூர்கியோடதையும் சொல்லு. அம்மாவுக்குக் கோவம் வராது." "சரிம்மா" என்றாள். ஜூன் மாதம் தொலைபேசியில் சொன்ன அதே "சரிம்மா". அன்றைக்கு அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேனே என்று நினைத்து உடம்பு கூசியது. கப்பலில் கூட்டிப்போனேன், இயந்திரத்தைக் காட்டினேன், திருவிழா ராட்டினத்தில் ஏற்றினேன். எல்லாவற்றுக்கும், "நல்லா இருக்கும்மா."

மூன்றாவது வாரம் கடல் வற்றிய நேரத்தில் சேற்றில் நடக்கப் போனோம். இந்தச் சேற்றில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கே கால் வைக்கலாம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போனேன். பேச்சின் நடுவே இடுப்பு வரை உள்ளே போனேன். ஒரு காலணி எங்கே என்றே தெரியவில்லை.

"கிழவா!" என்று ஒரு அலறல். சுற்றிலும் பார்த்தேன், ஒரு கிழவரும் இல்லை. மெர்லே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கிழவா! அம்மா, நீ பாதிதான் இருக்க!"

"யாருடி கிழவன்?"

"யாருமில்ல. என்கூடப் படிக்கிற செய்தா இருக்காளே, அவ அப்படித்தான் கத்துவா. எங்க கிளாஸ்ல இப்ப எல்லாருமே."

செய்தா யார் என்று உனக்குத்தான் தெரியும். நீயும் நானும் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்க, பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். சேற்றில் நின்றபடியே சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த செய்தாவின் மேலும் எரிச்சல் வந்தது. என்னைத் திருத்த முடியாது பூர்கி.

நேற்று ஹோல்கர் அழைத்துப்போக வந்தார். "பூர்கி நாய்க்குட்டியோட ஸ்டேஷனுக்கு வருவா" என்று சொல்லிக்கொண்டே ரயில் ஏறினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வயிறு எரிந்தது. அது எரியட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அவளிடம் இனி காட்ட மாட்டேன். நீயும் நாக்கைக் கடித்தது போதும். பால் பொங்கினால் வாய்விட்டுக் கத்து.

ரயில் நகரும்போது, வயலில் இருந்த சூறைக்குருவிக் கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழும்பி வானத்தை மறைத்தது. மெர்லே கண்ணாடியில் இரண்டு கையையும் அப்பிக்கொண்டு என்னமோ கத்தினாள். வாய் முழுசாகத் திறந்திருந்தது. முன்பல் இடைவெளிகூடத் தெரிந்தது. எந்த வார்த்தை என்று எனக்குக் கேட்கவில்லை.

நீயும் அவளிடம் கேட்காதே.

அன்புடன்,
ஃப்ராவ்கே