கறுப்புப் புகை

என்னங்க,

இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்கிற ஸ்டேஷன்ல, காருக்குள்ள உக்காந்து இதை எழுதுறேன். உங்க ரயில் இன்னும் வரல. சாப்பாட்டுப் பெட்டியோட இது உங்க கைக்கு வரும். இன்ஜின் டிரைவர் கண்ணுல படாம படிங்க.

லீவு நாள்ல ஆசைக்கு இன்ஜின்ல கரி அள்ளிப் போடப் போற உங்களை நான் காரில துரத்திட்டு வர்றது, அந்தப் பழைய நீராவி இன்ஜின் அழகுக்காகன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. இருக்கட்டும்.

ஏத்தத்துல இருக்கிற பாலத்துகிட்ட போட்டோக்காரங்களோட நின்னேன். இன்ஜின் கரேல்னு புகையைக் கக்கிக்கிட்டு ஏறிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. "இப்படி ஒரு புகை கிடைச்சதே இல்ல, உங்க வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லுங்க"ன்னார் ஒருத்தர். நான் நேரா காருக்கு ஓடி வந்துட்டேன்.

கரியைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டா புகை லேசா வரும், மொத்தமா கொட்டினா கறுப்பா வரும், அப்படிக் கொட்டுறவன் வேலை தெரியாதவன்னு நீங்கதானே சொல்வீங்க? உங்களுக்கு வேலை தெரியும். அப்புறம் ஏன் கொட்டினீங்கன்னு நான் கேக்கல. காலையில சட்டைக்குள்ள இடது கையை நுழைக்க ஏன் அவ்வளவு நேரமாச்சுன்னும் கேக்கல. டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு, என்ன சொன்னார்னு கேட்டதுக்கு "வெயில் ஜாஸ்தி"ன்னீங்களே, அதையும் விட்டுட்டேன்.

உங்க ரயில் கார்டுக்குப் போன் பண்ணி, எனக்குத் தலைசுத்துது, உங்களை இங்கேயே இறக்கி விடணும்னு சொல்லிட்டேன். உங்க இடத்துல நிக்க ரயில்லயே ஆள் இருக்காராம். எல்லாரும் என்னைத்தான் பாவமா பார்ப்பாங்க. நீங்க என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.

காரை மட்டும் நான் ஓட்டுறேன்.

உங்க
வீட்டுக்காரி