ரேடார்ல பார்த்த நாலு புள்ளி

அம்மாவுக்கு, மகன் சகாயம் எழுதிக்கிறது. மாதா புண்ணியத்துல நான் நல்லா கீறேன். உன் முட்டிவலி இப்ப எப்பிடி கீது? நம்ம மலைக்கு டவர் வர்ற வரைக்கும் கடுதாசிதான் கதி.

இங்க எல்லையில எனக்கு ரேடார் பார்க்கற வேலை. ரூமுக்குள்ளதான், கவலப்படாத. முந்தாநேத்து ஒரு கூத்து நடந்துச்சு. வேலிகிட்ட நாலு புள்ளி கொஞ்சம் நகரும், நிக்கும், மறுபடி நகரும். ரேடார்ல மூஞ்சி தெரியாது. "பதுங்கிப் பதுங்கி வர்றாங்க சார்"னு சொல்லிட்டேன். ஜீப்புல போய் புடிச்சாந்தா, நாலு பொம்பளைங்க. பக்கத்து ஊர்லேருந்து சுள்ளி பொறுக்க வந்தவங்க. அதுல வயசானவங்க ஒருத்தங்க கும்புட்ட கைய எறக்கவே இல்ல. சாயந்திரம்தான் அவங்கள வுட்டாங்க, சுள்ளிய வுடல. அதக் கொளுத்தித்தான் நாங்க குளிர் காஞ்சோம். ஆபீசர் என் முதுகத் தட்டிக் குடுத்தாரு. உன் புள்ளைக்கு நல்ல பேரு, சந்தோஷப்பட்டுக்கோ.

இங்க எதத் தின்னாலும் வாய்க்குப் புடிக்கல. நார்த்தங்கா ஊறுகா கொஞ்சம் அனுப்பு. நீ கடுக்கா பொறுக்கறப்ப தங்கச்சி ஜெஸ்ஸிய ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, அதையும் வெச்சு அனுப்பு.

குனிவ, பொறுக்குவ, நிமிர்ந்து ரெண்டடி நடப்ப, திரும்பக் குனிவ. சின்ன வயசுலேருந்து உன் பின்னாடியே வந்து பார்த்த நடை அது. அதத்தாம்மா நான் பதுங்கறாங்கன்னு சொன்னேன்.

டூட்டிக்குக் கூப்புடறாங்க. இன்னிக்கும் ஒரு புள்ளி நின்னு நின்னு நகர்ந்தா, நான் சொல்லித்தான் ஆவணும்.

உன் மகன்
சகாயம்