ஜனவரி என்று போட்ட அறிவிப்பு

27 ஜனவரி 2025, திங்கள்
மார்ச் 28-ஆம் தேதியோடு சேதராப்பட்டு ஃபேக்டரியை மூடுகிறார்கள். எண்பத்தாறு பேர். மேனேஜர் தமிழ்மாறன் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அறுபது நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்கணும் சார், இன்னைக்கே ஒட்டினா சரியா இருக்கும் என்றேன்.
“ஒட்டினா ஆளுங்க வேற வேலை தேடிப் போயிடுவாங்க ஏலிஸ். கையில இருக்கிற ஆர்டரை யார் முடிக்கிறது?”
பர்சனல் ஆபீசர் நான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

11 பிப்ரவரி
அஞ்சலாட்சி, ஒயரிங் லைன் சூப்பர்வைசர். ஒன்பது வருஷமாக ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறோம். இன்று மெதுவாகக் கேட்டாள்:
“இங்க பாண்டி மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனில கூப்புட்றாங்க மேடம். பதினஞ்சாம் தேதிக்குள்ள சேரணுமாம். நம்ம கம்பெனி நிக்கும்ல?”
“நிக்கும். இங்கயே இருங்க.”
வாயில் அப்படியே வந்துவிட்டது. ‘தெரியல’ன்னாவது சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?

16 பிப்ரவரி, ஞாயிறு
அஞ்சலாட்சி வைத்திக்குப்பத்திலிருந்து நடந்தே வந்து சங்கரா மீன் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் பிடித்ததாம். “நல்ல வேள, நீங்க சொன்னீங்க. அங்க போயிருந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”
அம்மா குழம்பு வைத்து ருசித்துச் சாப்பிட்டாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

24 மார்ச்
அறிவிப்பை டைப் அடித்தேன். ஜனவரி 27 என்று தேதி போடச் சொன்னார் தமிழ்மாறன். போட்டேன். கையெழுத்தும்.

28 மார்ச்
கேட்டில் பூட்டு. பக்கத்தில் என் கையெழுத்தோடு அந்த அறிவிப்பு. எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலாட்சி மட்டும் சத்தம் போடவில்லை.
“ஜனவரியிலயே ஒட்டியிருந்தா, பிப்ரவரில நான் ஏன் மேடம் உங்கள வந்து கேக்கப்போறேன்?”
 

9 ஏப்ரல்
லேபர் ஆபீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. “ஜனவரியில ஒட்டினோம்னு சொல்லிடு. சென்னை ஆபீஸ்ல உனக்கு இடம் இருக்கு” என்கிறார் தமிழ்மாறன்.
எனக்கு மட்டும் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

11 ஏப்ரல்
சொல்லிவிட்டேன். “ஒட்டினது மார்ச் இருபத்தெட்டு. ஜனவரின்னு போட்டுக் கையெழுத்துப் போட்டது நான்தான்.” அதிகாரி எழுதிக்கொண்டார். தமிழ்மாறன் என் பக்கம் திரும்பவே இல்லை.
வெளியே வந்தால் நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். படியில் அஞ்சலாட்சி நின்றிருந்தாள்.
“இத எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல.”
ஒரு படி இறங்கித் திரும்பி, “எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டாவது சீக்கிரம் குடுங்க. மேட்டுப்பாளையத்துல திரும்பக் கேட்டுப் பாக்கணும்.”

17 ஏப்ரல்
சென்னை இல்லை. சர்டிபிகேட் வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். எண்பத்தாறும் எழுதி முடித்தேன்.
அஞ்சலாட்சி வந்தாள். என் மேஜை முன்னாலேயே நின்று, முதல் வரியிலிருந்து என் கையெழுத்து வரை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாள்.
ஒன்பது வருஷத்தில் நான் நீட்டிய எந்தக் காகிதத்தையும் அவள் படித்துப் பார்த்ததில்லை.